டிரெஸ்ஸர் தோற்றது கிள்ளான் ஸ்டேஷனில்

டிரெஸ்ஸர் அருளானந்தம் தேர்தலில் ஏன் தோற்றார் என்று அந்தக் காலத்தில் கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். வடக்கே பினாங்குக்காரர்கள் கட்டுப்பாடாக எதிராளிக்கே ஓட்டுப் போட்டுவிட்டார்கள் என்பார்கள். எதிராளி பெரிய மளிகை வியாபாரி என்பார்கள். அதெல்லாம் ஓரளவு உண்மைதான். ஆனால் முக்கியமான காரணம் நான். பச்சைக்கொடி காட்டியது நான்தான்.

முப்பதுகளின் நடுவில் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே ஓடிய பாசஞ்சர் வண்டியில் நான் கார்டாக இருந்தேன். ரயில் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

மலாயா முழுவதிலும் இருந்த தமிழர் சங்கங்கள் சேர்ந்து ஒரு பேரவை வைத்திருந்தன. அதன் தலைவர் பதவிக்குத்தான் தேர்தல். பினாங்கு, ஈப்போ, சிரம்பான், சிங்கப்பூர் ஆட்கள் அவரவர் ஊரிலேயே ஓட்டுப் போட்டார்கள். கிள்ளான்காரர்கள் மட்டும் கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்துக்கு வந்து போட வேண்டும். பகல் பன்னிரண்டு மணிக்குப் பெட்டியைப் பூட்டிவிடுவார்கள்.

அருளானந்தம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர், அதாவது மருந்து கொடுத்துக் காயம் கட்டுபவர். கிள்ளான் சுற்றுவட்டாரத்தில் அவர் கையால் கொயினா மருந்து குடிக்காத குடும்பம் கிடையாது. என் மனைவிக்கு மலேரியா வந்தபோது, மழையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு பதினோரு நாள் வீட்டுக்கு வந்து பார்த்தவர். என் ஓட்டும் அவருக்குத்தான். அவரிடம் இருந்த ஒரே குறை, பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். பேச்சு நன்றாகவும் இருக்கும். அதுதான் தொல்லை.

தேர்தல் அன்று காலை எங்கள் வண்டி பத்து பத்துக்குப் புறப்பட வேண்டும். ஒன்பதே முக்காலுக்கே நாற்பது பேர் பிளாட்பாரத்தில் மாலையோடு நின்றார்கள். டிக்கெட் எல்லாம் எடுத்தாகிவிட்டது. கூட்டிவந்தவர் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் பொன்னுசாமி கிராணி, டிரெஸ்ஸரின் வலது கை.

"ஐயா ரெண்டு வார்த்தை பேசணும்! எல்லாருக்கும் தெரியிற மாதிரி வண்டி வாசல்ல ஏறி நின்னு பேசுங்க!" என்றார் கிராணி.

டிரெஸ்ஸர் மூன்றாம் வகுப்புப் பெட்டியின் வாசலில் ஏறி நின்று கையைத் தூக்கினார். நாற்பது பேரும் கீழே நின்று கேட்டார்கள்.

எதிராளியின் ஆட்கள் கிள்ளானில் மொத்தம் ஆறு பேர். அவர்களுக்கு அவர் பேச்சைக் கேட்க இஷ்டமில்லை. நேரே வண்டியில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டார்கள்.

பத்து ஐந்துக்கு நான் கிட்டே போய் மெதுவாகச் சொன்னேன். "ஐயா, இன்னும் அஞ்சு நிமிஷம்தான்."

"முடிச்சிடறேன் தம்பி," என்றார். கூட்டத்தைப் பார்த்து, "இறுதியாக ஒன்று," என்றார்.

பத்து எட்டுக்கு மறுபடியும் போனேன். அப்போது இரண்டாவது 'இறுதியாக' நடந்துகொண்டிருந்தது.

ஸ்டேஷன் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். "ஐசே, வண்டி விட நான் லைன் கிளியர் எடுத்துப்போட்டன். பத்து தீகா ஸ்டேஷனில கூட்ஸ் வண்டி உமக்காகத்தான் காத்து நிக்குது. உம்மட டிரெஸ்ஸருக்காக அதை மறிச்சு வைக்கேலுமோ?"

அது ஒற்றைத் தண்டவாளம். நான் ஒரு நிமிடம் தாமதித்தால் எதிரே வருகிற வண்டியும் தாமதம், அதற்குப் பின்னால் வருவதும் தாமதம். கொடி என் கையில் கனத்தது. என் மனைவியின் முகம் நினைவுக்கு வந்தது. பத்து பத்து ஆனது. விசில் ஊதினேன், கொடியைக் காட்டினேன்.

வண்டி நகர்ந்தது. டிரெஸ்ஸர் வாசலில் நின்றபடியே பேசிக்கொண்டிருந்தார். நாற்பது பேரும் என்ன செய்தார்கள் தெரியுமா? கை தட்டினார்கள்! ஐயா பேசிக்கொண்டே புறப்படுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். சிலர் துண்டை வீசி வழியனுப்பினார்கள். நான் கடைசிப் பெட்டியிலிருந்து, "ஏறுங்க! ஏறுங்க!" என்று கத்தினேன். கைதட்டலில் அது யார் காதிலும் விழவில்லை. இரண்டு பேர் மட்டும் புரிந்துகொண்டு ஓடிவந்து தொற்றிக்கொண்டார்கள். பொன்னுசாமி கிராணிக்குப் புரிந்தபோது வண்டி பிளாட்பாரத்தைத் தாண்டியிருந்தது. மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் ஓடியதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

மண்டபத்தில்

அடுத்த ஸ்டேஷனில் டிரெஸ்ஸர் இறங்கி என்னிடம் வந்தார்.

"தம்பி, நம்ம ஆளுங்க எத்தனை பேர் ஏறினாங்க?"

"ரெண்டு பேர் ஐயா."

"அவரு ஆளுங்க?"

"ஆறு பேரும்."

 அவர் திரும்பிப் போய்த் தன் பெட்டியில் ஏறிக்கொண்டார். கோலாலம்பூர் வரை ஒரு வார்த்தை பேசவில்லை என்று கூட வந்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள்.

கிராணி சும்மா இருக்கவில்லை. ரப்பர் ஷீட் ஏற்றுகிற லோரி ஒன்றைப் பிடித்து முப்பத்தெட்டுப் பேரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். வழியில் டயர் வெடித்தது. பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்ந்தபோது பன்னிரண்டு இருபது. பெட்டியைப் பூட்டி அரக்கு வைத்துவிட்டார்கள். ரப்பர் வாடையோடு முப்பத்தெட்டுப் பேர் வாசலில் நின்று சத்தம் போட்டார்கள். டிரெஸ்ஸரே வெளியே வந்து, "சட்டம்னா சட்டம்தான் லா, வீட்டுக்குப் போங்க," என்று அனுப்பிவைத்தார்.

மாலைக்குள் எல்லா ஊர்த் தந்தியும் வந்துவிட்டது. எண்ணிப் பார்த்தால் பதினாலு ஓட்டில் தோல்வி.

புகார்

மறுவாரமே என்மேல் ஒரு புகார் எழுதினார்கள். வேண்டுமென்றே ஆளை விட்டுவிட்டு வண்டியை எடுத்தேனாம், எதிராளியிடம் காசு வாங்கினேனாம். எழுதியது கிராணி, கையெழுத்துப் போட்டவர்கள் முப்பத்தெட்டுப் பேர். டிரெஸ்ஸரின் கையெழுத்தும் இருந்திருந்தால் என் வேலை போயிருக்கும். 

விசாரணைக்கு வெள்ளைக்கார ரயில்வே இன்ஸ்பெக்டர் முன்னால் நின்றேன். டிரெஸ்ஸர் கூப்பிடாமலே வந்துவிட்டார். பெரிதாகப் பேசப் போகிறார் என்று நான் பயந்தேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னது இவ்வளவுதான்: வண்டி சரியான நேரத்துக்குப் போனது, நாங்கள்தான் போகவில்லை.

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். கோப்பு அங்கேயே மூடப்பட்டது.

வெளியே வந்ததும் நான் கைகூப்பினேன். "ஐயா, உங்க தோல்விக்கு நானும் ஒரு காரணம்."

"நீங்க ரெண்டு தடவை சொன்னீங்க தம்பி. ஆனா எங்கிட்ட மட்டும் சொன்னீங்க. கீழ நின்னவங்ககிட்ட ஏன் சொல்லலை?"

 அவர் மேல் இருந்த மரியாதையில் நான் குரலைத் தாழ்த்திவிட்டேன். கூட்டத்தில் பெரிய மனுஷர் ஒருவர் இருந்தால் அவரிடம் சொன்னாலே போதும் என்று நினைத்துவிட்டேன். வண்டியில் ஏற வேண்டியவர்கள் கீழே நின்ற நாற்பது பேர். அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதன் பிறகு ஓய்வு பெறும்வரை, புறப்பட ஐந்து நிமிடம் இருக்கும்போது பிளாட்பாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடப்பேன். துரையானாலும் தோட்டத்துக்காரரானாலும் எல்லார் காதிலும் விழும்படி நேரத்தைச் சொல்வேன். சிலர் முறைப்பார்கள். முறைத்தபடியே ஏறி உட்கார்ந்துகொள்வார்கள்.