வெளிச்சத்துக்குக் குமிழி கிடையாது

ஜோகுபாளையம் ரெமிஜியஸ் முப்பத்தோரு வருஷம் கசிவு கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவர். கேஸ் சிலிண்டருக்கு வால்வு செய்யும் தொழிற்சாலையில், வால்வைத் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது வேலை. ஓய்வுபெற்ற அன்று போர்த்திய சால்வையைக்கூட வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தேடினார் என்று மனைவி ஜோசஃபின் சொல்வாள். அப்பேர்ப்பட்டவரின் சொந்த கேமரா ஒழுகியது.

மகள் ஜோவிதா, மெல்பர்னிலிருந்து ஏழு மாதக் குழந்தை லவினாவோடு நாற்பது நாள் லீவில் வந்திருந்தாள். ஹால் சுவரில் அப்பாவின் ஃபிலிம் கேமரா எடுத்த படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன: ஜோவிதாவின் ஞானஸ்நானம், புதுநன்மை, கல்யாணம். அடுத்த இடத்தில் லவினாவுக்கென்று ஆணியும் அடித்தாயிற்று. பொருள் கைக்கு வருமுன் 'பாஸ்' முத்திரை குத்துவதை ஆயுள் முழுக்கக் கண்டித்தவர், பேத்தி விஷயத்தில் குத்திவிட்டார்.

முதல் ரோலை லேபில் கழுவி வாங்கிவர ஒரு வாரமானது. அநேகமாக எல்லாப் படத்திலும் வலது ஓரம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டை. ஜோசஃபின் பேத்தியை இடது இடுப்பில்தான் வைப்பாள். படத்தில் அது வலது ஓரம். பாட்டி துல்லியமாக விழுந்திருந்தாள். பேத்தி இருந்த இடத்தில் சூரியோதயம்.

"டாடி, செமையா இருக்கு! என் ஃப்ரெண்ட்ஸ் இந்த எஃபெக்டை ஆப்ல தேடித் தேடிப் போடுறாங்க."

"குழந்தை மூஞ்சி எங்கம்மா?"

"ஃபீல் இருக்குல்ல!"

"ஏங்க, இவ ஃபோன்ல ரெண்டாயிரம் படம் இருக்கு" என்றாள் ஜோசஃபின். "ஒண்ணைப் பிரிண்ட் போட்டு மாட்டுங்களேன்."

"அது ஃபோன் எடுத்தது. நான் எடுத்தது ஒண்ணு வேணாமா?"

நெகட்டிவை ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். பட்டை படத்தோடு நிற்காமல் ஃபிலிமின் ஓரத்து ஓட்டைகள் வரை ஓடியிருந்தது. லென்ஸ் வழியாக வந்த வெளிச்சம் படத்தின் கட்டத்தைத் தாண்டாது. ஆகவே குற்றவாளி பின்கதவு. கீல் ஓரத்தில் வெளிச்சத்தை அடைக்க வைத்திருந்து மக்கிப்போன பஞ்சைச் சுரண்டிவிட்டுக் கருப்பு உல்லன் நூலை ஒட்டினார். மேலே கருப்பு டேப்பும் சுற்றினார். இரண்டாவது ரோலில் பட்டை இளைத்திருந்தது, போகவில்லை. பாத்ரூம் விளக்கை அணைத்து, கேமராவுக்குள் சின்ன டார்ச்சை வைத்து மூடி, வெளியே எங்காவது ஒளி தெரிகிறதா என்று அரைமணி நேரம் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

"தண்ணியில முக்கிப் பாத்தீங்களா?" என்றாள் ஜோசஃபின் கதவுக்கு வெளியிலிருந்து.

"வெளிச்சத்துக்குக் குமிழி கிடையாதுடி" என்றார். குரலில் கோபமில்லை. அதுதான் அவளுக்குக் கவலையாக இருந்தது.

இரண்டு ரோலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. அடுத்தடுத்து எடுத்த படங்கள் சுத்தம். நாலு நாள் இடைவெளி விட்டு எடுத்ததில்தான் பட்டை அகலம். லென்ஸுக்குப் பின்னால் எந்தக் கட்டம் காத்துக் கிடக்கிறதோ, அதில்தான் வெளிச்சம் கொஞ்சங்கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. எல்லோர் முகமும் சரியாக அமையும் வரை காத்திருந்து எடுப்பது ரெமிஜியஸின் பெருமை. கேமரா அந்தப் பெருமைக்குத்தான் தண்டனை கொடுத்திருக்கிறது.

கேமராவை பிஸ்கட் டப்பாவில் வைத்து மூடிப் பார்த்தார். டப்பாவைத் திறப்பதற்குள் லவினா சிரித்து முடித்து, அழவும் ஆரம்பித்திருந்தாள். மறுபடி கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, கடைசியாக ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு படம் எடுத்ததும் லென்ஸுக்கு மூடி போட்டு, ஃபிலிமைச் சுற்றி, வெறுமனே ஒரு கிளிக். அந்த வெற்றுக் கட்டம் காத்துக் கிடந்து வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளட்டும். அடுத்த படம் எடுக்கும்போது மறுபடி சுற்றி, மூடியைக் கழற்றி, எடுக்க வேண்டியது. ரோலில் பாதி அவருக்கு, பாதி கசிவுக்கு. கசிவை நிறுத்த முடியாதவர் அதற்குத் தீனி போட்டு வளர்த்தார்.

மூன்றாவது ரோலில் பெரும்பாலும் தூங்கும் லவினா, தும்மும் லவினா, திரும்பிக்கொண்ட லவினா. ஆணிக்கான படத்துக்குக் கடைசிக் கட்டத்தை, முப்பத்தாறாவதை, புறப்படும் நாளுக்கென்று வைத்திருந்தார். சாயங்கால ஃபிளைட். மத்தியானமே கேப் வந்துவிட்டது. வாசலில் ஜோசஃபின், இடுப்பில் பேத்தி, பக்கத்தில் ஜோவிதா.

"சார், டைம் ஆய்த்து" என்றார் டிரைவர். ஏர்ப்போர்ட் ரோடு டிராஃபிக்கை நினைத்து ஹாரனும் அடித்தார்.

"ஒரு நிமிஷம்பா. ஜோவி, குல்லாவைத் தூக்கு, மூஞ்சி மறையுது. இன்னும் கொஞ்சம். ஆங்."

அந்தக் கேமராவில் பார்க்கிற கண்ணாடி வேறு, படம் எடுக்கிற லென்ஸ் வேறு. கண்ணாடியில் எல்லாம் அமைந்திருந்தது. லவினா அவரையே பார்த்தாள். சிரித்தாள். கிளிக்.

"சூப்பர் டாடி!" ஜோவிதா கட்டிக்கொண்டாள். கேப் கதவு சாத்திக்கொண்டது. கேப் ஓல்ட் மெட்ராஸ் ரோடு பக்கம் திரும்பி மறைந்தது.

வழக்கப்படி மூடி போட வேண்டும். சட்டைப் பையில் தேடினார். பேன்ட் பையில் தேடினார். கீழே தரையைப் பார்த்தார். பிறகு, ரொம்ப மெதுவாக, லென்ஸைத் தொட்டுப் பார்த்தார்.

மூடி அங்கேதான் இருந்தது.

"எடுத்தாச்சா?" என்றாள் ஜோசஃபின், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"எடுத்தாச்சு."

"மூஞ்சி மேல பட்டை விழாதில்ல?"

"மூஞ்சி மேல விழாது" என்றார்.

மறுநாள் காலை அந்த ஆணியில் ஜோசஃபின் கோயில் காலண்டரை மாட்டினாள். "படம் வர்ற வரைக்கும்தான்" என்றாள். ரெமிஜியஸ் கிட்டே போய், காலண்டர் சாயாமல் தொங்குகிறதா என்று மட்டும் பார்த்தார்.