போட் கேட்டேன், அத்தையை அனுப்பினான்

அந்த எண்ணம் எனக்கு முதலில் தோன்றியது கோயிலில் இல்லை. போர்ட் பிளேரில் ஓர் ஆஸ்பத்திரி ஓபி அறையில்.

உளவியல் முதுகலை முடித்துவிட்டு அங்கே பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தேன். சௌல்தாரிப் பக்கமிருந்து ஒரு தமிழ்ப் பெண் வந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம், விரல்களில் நடுக்கம். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அவளுக்கு இந்தி வராது. இடையில் மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்தவர் யார் தெரியுமா? அவளுடைய மாமியார்!

"நீந்த் ஆத்தீ ஹை?" தூக்கம் வருகிறதா என்று டாக்டர் கேட்டார்.

மாமியார் மருமகள் பக்கம் திரும்பக்கூட இல்லை. "கூப் சோத்தீ ஹை, சாப்." நன்றாகத் தூங்குகிறாளாம்!

வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று அடுத்த கேள்வி. "கோயி ப்ராப்ளம் நஹி!"

நான் தமிழில் அந்தப் பெண்ணிடம் ஏதோ கேட்க வாயெடுத்தேன். "நாந்தான் எல்லாம் சொல்றேன்ல, உனக்கென்ன?" என்றார் மாமியார். டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்தப் பெண் கடைசிவரை வாயே திறக்காமல் குணமாகி வீட்டுக்குப் போனாள்.

நம் தீவுகளில் இது வழக்கம்தானே. இந்தி வந்தவர் வராதவருக்காகப் பேசுவார். அபர்டீன் பஜாரில் மீன் வாங்க அது போதும். மனசைத் திறக்கவும் அதுவே போதும் என்று நினைக்கிறார்களே, அந்த அலட்சியத்தில் எனக்கு மனம் ஆறவே இல்லை. வீட்டு ஆளை வைத்துக்கொண்டு வீட்டுக் கஷ்டத்தை யார் சொல்வார்கள்? இதைத்தான் ஆராய வேண்டும், கிளினிக்கல் சைக்காலஜியில் பிஎச்.டி. செய்ய வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

சொன்னதும் சிரித்தார்கள். அப்பாவுடைய நண்பர் ஒரு கான்ட்ராக்டர் மாமா. சிமெண்ட் மூட்டையைத் தவிர எதையும் கூர்ந்து பார்க்காதவர். "பைத்தியத்துக்கு டாக்டரா? நம்ம பக்கம் கடல்காத்து இருக்கும்மா, ஒருத்தனுக்கும் பைத்தியம் பிடிக்காது. போணியே ஆகாது" என்றார். மூன்று மனிதர்களோடு பேச்சுவார்த்தை இல்லாத, ராத்திரி மாத்திரை போட்டுத் தூங்குகிற மனிதர் இவர்!

முதல் வருடம் விண்ணப்பித்தேன். கிடைக்கவில்லை. அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இன்னும் ஒரே ஒரு தடவைதான். இல்லைன்னா பேசாம கிளார்க் பரீட்சைக்குப் படி."

பயந்துபோனேன். பயந்தவர்கள் செய்வதைச் செய்தேன், மெயின்லேண்டில் ஒரு ஆலோசகரைப் பிடித்தேன். திரையில் வந்த அந்த அண்ணன், நான் பேசி முடிக்கும் முன்பே, "தங்கச்சி, தீவு கீவு எல்லாம் லோக்கல் மேட்டர். ஸ்மார்ட்போன் அடிக்‌ஷன்னு போடுங்க. அதான் இப்ப ஓடுது" என்றார். அவர் அந்தமானை வரைபடத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார். நானும் அப்படியே போட்டேன். வண்ண வண்ணமாய் ஸ்லைடுகள் செய்தேன். உயிரில்லாத தலைப்பு. ஆனாலும் நேர்முகத் தேர்வுக்கு அழைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை, ஆன்லைனில்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை லாங் ஐலண்டில் அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து. அத்தானுக்கு அங்கே வனத்துறையில் வேலை. "போயிட்டு ஞாயித்துக்கிழமை போட்டுல வந்துரலாம்" என்றார் அப்பா. ஆனி மாதத்து அந்தமான் கடலை நம்பி 'வந்துரலாம்' என்று ஒருவர் சொன்னால், அவர் அப்பாவாகவே இருந்தாலும் நம்பக் கூடாது. நான் நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை படகுத்துறை ஜெட்டியில் வரிசையாகப் பைகள்தான் நின்றன. ஆட்கள் மழைக்கு ஒதுங்கியிருந்தார்கள். கவுண்டரில் இருந்தவர் தேநீரை ஊதிக்கொண்டே, "போட் பந்த். கல் பீ பந்த்" என்றார். நாளைக்கும் கிடையாது!

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எவ்வளவு நாள் உழைப்பு. இந்த முறை விட்டால் அவ்வளவுதான். கடலைப் பார்த்தபடி முருகனைக் கூப்பிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். "சீட் கொடு, மொட்டை போடுறேன்" என்று பேரம் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எப்போதும் இளக்காரம். முருகன் என்ன கப்பல் ஆபீஸ் கவுண்டரா? அப்படிப் பேசிய நான், அன்றைக்கு ஜெட்டியில் நின்று பேசாத பேரம் இல்லை. மொட்டை, பால்குடம், காவடி. "முருகா, ஒரு போட். ஒரே ஒரு போட் அனுப்பு." திங்கட்கிழமை காலை வரை கெஞ்சினேன், அப்புறம் திட்டினேன். போட் வரவில்லை.

அந்தப் பக்கத்தில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு மேடு. போனைத் தூக்கிக்கொண்டு மழையில் ஏறினேன். அழைக்காமலேயே பின்னால் வந்தார் அக்காவின் மாமியார், அத்தை. கையில் பெரிய குடை. "நனைஞ்சு காய்ச்சல் வந்தா உன்னைய யாரு பாக்குறது? நீ பேசு, நான் புடிக்கிறேன்."

அழைப்பு கிடைத்தது. படம் இல்லை, ஸ்பீக்கரில் குரல் மட்டும். என் வண்ண ஸ்லைடுகளில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. தேர்வுக்குழுவின் தலைவி ஒரு பேராசிரியை. "கைபேசி அடிமைத்தனம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கைபேசியே ஒத்துழைக்க மறுக்கிறதே" என்றார். அவர் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்கும் அந்தத் தலைப்பின் மேல் அருவருப்பாக இருந்தது. தத்துப்பித்தென்று ஏதோ பேசினேன்.

முடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தது. கடைசியாக இந்தியில் கேட்டார். "சில வருடங்கள் குடும்பத்தை விட்டு இங்கே இருக்க வேண்டும். உங்களால் முடியுமா?"

நான் மூச்சை இழுப்பதற்குள் குடைக்குள்ளிருந்து ஒரு முழக்கம். "ஹான் ஹான், ரஹேகி! லட்கி கோ கோயி டென்ஷன் நஹி!" இருப்பாளாம், பெண்ணுக்கு ஒரு கவலையும் இல்லையாம்!

அந்தப் பக்கத்திலிருந்து பேராசிரியை கேட்டார். "யார் அது?"

"என் அக்காவுடைய மாமியார், மேடம்."

"உங்களைக் கேட்டால் அவர் ஏன் பதில் சொல்கிறார்?"

"அதுதான் மேடம், நான் உண்மையில் ஆராய நினைத்தது!"

அந்த வாக்கியத்தை நான் யோசித்துச் சொல்லவில்லை. காலையெல்லாம் நான் திட்டிக்கொண்டிருந்த ஒருவன் எடுத்துக் கொடுத்தது. பிறகு நான் நிறுத்தவே இல்லை. ஓபி அறை, அந்த மருமகள், சத்து மாத்திரை எல்லாம் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். "இதை ஏன் விண்ணப்பத்தில் எழுதவில்லை?" என்றார் அந்த அம்மா. "பயந்துவிட்டேன், மேடம்" என்றேன். அத்தை குடையை மாற்றிப் பிடித்துக்கொண்டு, "என்னடி, என் பேரச் சொல்லி என்னமோ பேசுற?" என்றார்.

இடம் கிடைத்துவிட்டது. தலைப்பை மாற்றி எழுதிக் கொடுக்கவும் சொல்லிவிட்டார்கள்.

செய்தி தெரிந்ததும் கான்ட்ராக்டர் மாமா, "நான் அப்பவே சொன்னேன், இந்தப் பொண்ணு சாதிக்கும்னு" என்கிறார். மெயின்லேண்ட் அண்ணன் என் படத்தைப் போட்டு, தன் வழிகாட்டலின் வெற்றி என்று விளம்பரம் செய்துகொண்டிருக்கிறார். செய்யட்டும். வழிகாட்டியது யார் என்று எனக்குத் தெரியும். போட் வந்திருந்தால் நான் போர்ட் பிளேரில் நல்ல இணையத்தில் உட்கார்ந்து, பளபளவென்று ஸ்லைடு காட்டி, அழகாகத் தோற்றிருப்பேன். முருகன் கடலை அடைத்தான். கையில் குடையோடு அத்தையை அனுப்பினான்.

அன்பர்களே, உங்கள் கஷ்டத்தைத் தயங்காமல் அவனிடம் சொல்லுங்கள். ஆனால் இந்தப் போட், இந்த நேரம், இந்த ஜெட்டி என்று ஆர்டர் போடாதீர்கள். நம் புத்திக்கு எட்டியதைத்தான் நாம் கேட்போம். அது எவ்வளவு சொற்பம் என்று அந்த மேட்டில் நின்று பார்த்துவிட்டேன். இப்போது பேரம் பேசாமல் கும்பிடக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

கப்பலேறும் முன் ஒரு வேலை இருக்கிறது. அன்றைக்கு மேட்டிலிருந்து இறங்கி வந்ததும், "நீ எப்படிக்கா இருக்க?" என்று அக்காவைக் கேட்டேன். "அவளுக்கென்ன, ராணி மாதிரி இருக்கா" என்றார் அத்தை. அக்கா பிள்ளையின் காதுக்கு மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

வருகிற சனிக்கிழமை மறுபடியும் லாங் ஐலண்ட் போகிறேன். பிள்ளையை அத்தை கையில் கொடுத்து ஜெட்டிப் பக்கம் அனுப்பிவிட்டு, அக்கா பக்கத்தில் உட்காரப் போகிறேன். ராத்திரி தூக்கம் வருதாக்கா என்று கேட்பேன். அவளாகப் பதில் சொல்லும்வரை என் வாயை மூடிக்கொண்டிருப்பேன். எனக்கு அது பிஎச்.டி.யைவிடக் கஷ்டம். அதற்காகவும் கொஞ்சம் வேண்டிக்கொள்ளுங்கள்.