சந்திரலேகா அடித்த ஏழு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் காரைக்கால் பக்கத்து நெடுங்காட்டிலிருந்து ஒரு பெண் ஐடிஐக்குப் போய் லேத்தில் இரும்பு கடையும் டர்னர் பிரிவில் சேர்ந்தாள் என்றால் அது நாலு தெருவுக்குப் பேச்சாகிற சங்கதி. சந்திரலேகா சேர்ந்தாள். தையல் பிரிவில் இடம் முடிந்துபோயிருந்தது, அவ்வளவுதான் காரணம். பிற்பாடு யாராவது அதைப் பெரிய துணிச்சல் என்று மெச்சினால் அவள் மறுக்கவும் மாட்டாள், ஒப்புக்கொள்ளவும் மாட்டாள். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

படிப்பு முடிந்ததும் வைத்தியலிங்கத்தின் பட்டறையில் வேலை கிடைத்தது. காரைக்காலிலிருந்து கோட்டுச்சேரி போகிற சாலையில் இருந்தது அது. பட்டறை என்று சொன்னால் முதலாளிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், தொழிற்சாலை என்றுதான் சொல்ல வேண்டும். ஐந்து லேத்து, ஒரு கிரைண்டிங் மெஷின், இருபத்தாறு ஆட்கள். மீன்பிடிப் படகுகளுக்கு ஷாஃப்ட் செய்தார்கள். இன்ஜினின் சுழற்சியைத் தண்ணீருக்கு அடியில் இருக்கும் விசிறிக்குக் கொண்டுபோகும் எஃகுத் தண்டு அது. தண்டின் ஒரு முனை சரிவாகக் குறுகிக்கொண்டே வரும். அந்தச் சரிவில்தான் விசிறி ஏறி உட்காரும். சரிவு பொருந்தாவிட்டால் விசிறி ஆடும். ஆடி ஆடி ஒருநாள், தண்டோடு அதைப் பூட்டியிருக்கும் சாவிக்கட்டையை முறித்து, நட்டைத் தளர்த்திக் கழன்றுபோகும். கரைக்குப் பக்கத்தில் கழன்றால் நீந்தி வந்துவிடலாம்.

பெண்பிள்ளையை லேத்தில் நிறுத்த முதலாளிக்கு மனசில்லை. சோதனை மேசையில் உட்கார வைத்தார். அங்கே அவளுக்கு வாய்த்த வேலை நீலம் பார்ப்பது. கேஜ் என்று ஒரு கனத்த வளையம் உண்டு. அதன் உட்புறத்தில் நீல மையை மெல்லிசாகத் தடவி, ஷாஃப்டின் சரிவு முனையை உள்ளே விட்டு, ஒரு திருகு திருகி வெளியே எடுக்க வேண்டும். நீலம் சுற்றிலும் சமமாக ஒட்டியிருந்தால் சரிவு சரி. திட்டுத்திட்டாக இருந்தால் திருப்பி அனுப்பு. தேறியதன் மேல் ஒரு எண்ணைச் சுத்தியலால் அடித்துப் பதிக்க வேண்டும். அவளுக்கு ஏழாம் எண்ணைக் கொடுத்தார். ஒன்று முதலாளிக்கு, மூன்றும் ஐந்தும் வேறு இரண்டு பேருக்கு. எண் பதிக்கும் உளிக்குப் பஞ்சு என்று பெயர்; மிச்சமிருந்த பஞ்சுகளில் நல்லதாக இருந்தது ஏழுதான்.

கல்யாணப் பந்தியில்கூட விரல் இடுக்கில் நீலத்தோடு உட்கார்ந்திருந்தவள் அவள். மாப்பிள்ளை கதிரவன் அதை ஏதோ தோல் வியாதி என்று நினைத்து ஒரு வாரம் கேட்காமலே இருந்தாராம்.

அவளுடைய ஏழு சும்மா விழாது. தலைமை டர்னர் நூருல் அமீன், திருமலைராயன்பட்டினத்துக்காரர், கைத்திறனில் அவரை மிஞ்ச மாவட்டத்தில் ஆள் கிடையாது என்பது அவருடைய அபிப்பிராயம், அது பெரும்பாலும் உண்மையும்கூட. அவர் கடைந்ததையே ஒரே நாளில் மூன்று முறை திருப்பி அனுப்பியிருக்கிறாள். அவர் கை துடைக்கும் துணியை மேசையில் வீசிவிட்டுப் போவார். மறுநாள் காலை அந்த மூன்றும் சரியாகி வந்து நிற்கும். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள்.

கரையில் செய்தி பரவ அதிக நாள் ஆகவில்லை. காரைக்கால்மேட்டிலும் கிளிஞ்சல்மேட்டிலும் ஷாஃப்ட் வாங்க ஆள் அனுப்பினால் ஏழு போட்டதாகப் பார்த்து வாங்கி வா என்று சொல்லி அனுப்பினார்கள். அவளைப் பார்த்தறியாதவர்கள்கூட அவளுடைய எண்ணைத் தடவிப் பார்த்துவிட்டுப் படகு ஏறினார்கள்.

வைத்தியலிங்கம் செத்த பிறகு மகன் ரஞ்சித்குமார் வந்தான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. கெட்டவனாக இருந்திருந்தால் கோபப்படவாவது வசதியாக இருந்திருக்கும். வரிச்சலுகைக்காகக் காரைக்காலுக்கு வந்த கம்பெனிகள் சலுகை முடிந்ததும் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு போயின. அவற்றை நம்பி இருந்த வார்ப்படப் பட்டறைகளும் போயின. ஓய்வு பெற்ற டர்னருக்குப் பதில் ஆள் தேடினால் ஐடிஐ முடித்த பிள்ளைகள் ஏசி பழுது பார்க்கத்தான் வருவோம் என்றார்கள். ஒரு ஷாஃப்டை இங்கே கடைந்து முடிப்பதற்குள் வெளிநாட்டில் செய்த பத்து ஷாஃப்ட் சென்னைத் துறைமுகத்தில் இறங்கிவிடும் என்றான் ரஞ்சித்குமார். அது பொய்யில்லை. ஐந்து லேத்தும் ஒரே லாரியில் எடைக்குப் போயின. நூருல் அமீன் ஷேர் ஆட்டோ வாங்கித் திருநள்ளாற்றுக்கு ஓட்ட ஆரம்பித்தார். பட்டறை கடையாயிற்று. சோதனை மேசையோடு சந்திரலேகா மட்டும் மிஞ்சினாள்.

வெளிநாட்டு ஷாஃப்டின் முதல் பெட்டி வந்தபோது நாற்பது ஷாஃப்டுக்கும் நீலம் பார்த்தாள். பதின்மூன்று தேறவில்லை. அவற்றை அலமாரியில் தனியாக வைத்தாள். கண்டெய்னரில் வந்ததை யாரிடம் திருப்பி அனுப்புவது என்று ரஞ்சித்குமார் கேட்டான். ஒரு மாதத்தில் அலமாரி காலியாகிவிட்டது. எண் இல்லாமலே விற்றிருந்தான். ஆனால் படகுக்காரர்கள் ஏழு எங்கே என்று கேட்டு அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகுதான் அவன் மரியாதையாகவே கேட்டான், அக்கா எல்லாத்துலயும் போட்டுடுங்க, நம்ம கடையிலேருந்து போச்சுன்னு அடையாளம், அவ்வளவுதானே என்று.

வீட்டில் கதிரவனிடம் சொன்னாள். சொன்னதைச் செய்ய வேண்டியதுதானே என்றார் அவர், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல். மறுநாள் அடித்தாள். கொஞ்ச நாள் நீலம் பார்த்துவிட்டே அடித்தாள், தேறாததிலும் அடித்தாள். எப்படியும் அடிக்கத்தானே போகிறோம் என்று அப்புறம் பார்ப்பதை விட்டாள். நீல மை டப்பா எப்போது காய்ந்தது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. கை அடித்துக்கொண்டிருக்கும், மனசு நெடுங்காட்டுப் பேருந்து எத்தனை மணிக்கு என்று யோசித்துக்கொண்டிருக்கும். வருத்தம் என்று ஒன்றும் வரவில்லை. வராததுகூட அவளுக்கு உறைக்கவில்லை. இப்படியே நான்கு வருடம் போயிற்று.

போன புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை குணசேகரன் வந்தான். காரைக்கால்மேட்டுக்காரன், முப்பத்தைந்து வயதிருக்கும், ஆறேழு வருடமாக இங்கே வாங்குகிறவன். கோணியில் சுற்றிய பழைய ஷாஃப்டை மேசைமேல் வைத்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் நடுக்கடலில் விசிறி கழன்றுவிட்டது என்றான். படகில் நான்கு பேர். வயர்லெஸ் பேட்டரி இரண்டாம் நாளே தீர்ந்துபோய், மூன்றாம் நாள்தான் ஒரு நாகப்பட்டினத்துப் படகு பார்த்து இழுத்து வந்திருக்கிறது. எல்லாரும் உயிரோடு வந்தார்கள். அவன் தம்பி மட்டும் இப்போது கடல் பக்கம் திரும்புவதில்லை, துணிக்கடையில் வேலைக்குப் போகிறான். இவ்வளவையும் அவன் குரல் உயர்த்தாமல் சொன்னான். பிறகு ஷாஃப்டைத் திருப்பி எண்ணைக் காட்டினான்.

"அக்கா, உங்க ஏழ எவனோ திருட்டுத்தனமா அடிச்சு விக்கிறான். அதச் சொல்லத்தான் வந்தேன்."

கல்லாவில் இருந்த ரஞ்சித்குமார் சட்டென்று பிடித்துக்கொண்டான். இப்போதெல்லாம் போலி நிறைய வருகிறது, நாங்களே புகார் கொடுக்கலாமென்று இருக்கிறோம் என்றான். சந்திரலேகாவைப் பார்த்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லாமல் தலையை ஆட்டினால்கூடப் போதும். அவள் எண் அவளுக்கே பத்திரமாகத் திரும்பி வந்துவிடும், கரை முழுக்க அதை முன்னைவிடப் பெரிதாகக் கொண்டாடும்.

அந்த ஏழின் வால் நுனி கொஞ்சம் உடைந்திருந்தது. அடித்து அடித்து அவள் பஞ்சில் உடைந்துபோன அதே இடம்.

அவள் எழுந்து மை டப்பாவைத் தேடி எடுத்தாள். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் குழைத்தாள். கேஜைத் துடைத்து, உள்ளே தடவி, பழைய ஷாஃப்டை விட்டுத் திருகி எடுத்தாள். ஒரு ஓரத்தில் சுண்டுவிரல் அகலத்துக்கு நீலம் ஒட்டியிருந்தது. மீதி இடம் வெறுமையாக இருந்தது. ஆடித் தேய்ந்த தண்டாயிற்றே, வேறெப்படி இருக்கும் என்று ஒரு சாக்கு எழுந்தது. அலமாரியில் முதல் நாள் எண் அடித்து வைத்த புதிய தண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தாள். அதுவும் அப்படியேதான் இருந்தது. அதிலும் வால் உடைந்த ஏழு.

இரண்டையும் குணசேகரன் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"யாரும் திருடல தம்பி. ரெண்டும் நான் அடிச்சதுதான். பாக்காம அடிச்சேன்."

ரஞ்சித்குமார் எழுந்து போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். குணசேகரன் இரண்டு ஏழையும் மாறி மாறிக் கட்டைவிரலால் தடவினான். திட்டப் போகிறான் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

"அப்ப நாங்க என்னாத்தப் பாத்துக்கா வாங்குறது?" என்றான்.

அவள் செய்யக்கூடியதைச் செய்யலாமென்று நூருல் அமீனுக்குப் போன் போட்டாள். திருநள்ளாற்றில் சனிக்கிழமைக் கூட்டம், ஆட்டோவில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு சரிவைச் சரிசெய்து தர முடியுமா பாய் என்று கேட்டாள். இரும்பை அரைக்கிற பசை போட்டுத் தேய்த்தால் ஆகாதா என்றார். சரிவே வேறு பாய், தேய்த்து அடங்காது என்றாள். அப்படியானால் கடையத்தான் வேண்டும், மெஷினுக்கு எங்கே போவது, இங்கே எல்லாரும் வாங்கி விற்கிறவர்கள்தானே என்றார். பின்னால் யாரோ கோயில் வாசலுக்கு எவ்வளவு நேரம் என்று கேட்பது கேட்டது. வைக்கிறேம்மா என்று வைத்துவிட்டார்.

குணசேகரனுக்குத் திங்கட்கிழமை கடலுக்குப் போயாக வேண்டும். தம்பி போக மீதி இரண்டு பேரும் அவனைத்தான் நம்பியிருந்தார்கள்; கரையில் இருந்தால் அடுப்பு எரியாது. பிரிக்காத பெட்டி ஒன்று இருந்தது. அவள் அதைப் பிரித்து, எண்ணெய்த் தாளை உரித்து, ஒன்றொன்றாக நீலம் பார்த்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டிப்போயிற்று. அவன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான், ஒரு முறைகூட அவசரப்படுத்தவில்லை. பதினெட்டாவதில் நீலம் சுற்றிலும் ஒட்டி வந்தது. நம்பாமல் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள், அளவுகளையும் பார்த்தாள். பழைய நாளில் நூருல் அமீன் கடைந்து வந்திருந்தால்கூடத் திருப்பி அனுப்பியிருக்க மாட்டாள். இதை நம்பிப் போகலாம் தம்பி என்றாள்.

சுத்தியலையும் பஞ்சையும் எடுத்தாள். பஞ்சை ஷாஃப்டின் மேல் நேராக நிறுத்தினாள்.

"வேணாங்க்கா," என்றான் குணசேகரன். "அப்புடியே குடுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் பை வேண்டாம் என்று சொல்வதுபோல் சொன்னான். ஷாஃப்டை வாங்கிக் கோணியில் சுற்றி, வரேங்க்கா என்று சொல்லிக்கொண்டு கிளம்பினான். நான்கு வருடத்தில் அவள் பார்த்துக் கொடுத்தது அந்த ஒன்றைத்தான்.