அத்தை உட்கார்ந்த சன்னலோரம்

இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிட்டு மீறுவது எந்த ஊர் நியாயம்?

கேமரன் மலையில் இருந்த அத்தை வீட்டுக்குப் போகும்போது எனக்கு வாந்தி மாத்திரை கொடுத்துத் தூங்க வைத்துவிட்டார்கள். ஒரு மலையைக்கூட நான் பார்க்கவில்லை. "வர்றப்ப சன்னலோரம் ஒனக்குத்தான்லா" என்று அப்பா சமாதானம் சொன்னார். பள்ளி திறந்ததும் பயணக் கட்டுரை வேறு எழுத வேண்டும்.

மறுநாள் காலை பார்த்தால், பின்னிருக்கையில் ஒரு பக்கம் அத்தையின் தையல் மெஷினும் பெட்டிகளும். மறுபக்கச் சன்னலில் அத்தை. நடுவில் நான். நாலு நாள் எங்கள் பினாங்கு வீட்டில் தங்க வருகிறவருக்குத் தையல் மெஷின் எதற்காம்?

அதற்கும் முன்பே ஓர் அநியாயம் நடந்துவிட்டது. வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமாவிடம் அத்தை, "நான் போறேன்" என்றார். எங்கள் வீட்டில் அந்த வார்த்தை வந்தால் தொலைந்தோம். பக்கத்துக் கடைக்குப் போனாலும் 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். சும்மா விடுவேனா?

"போறேன்னு சொல்லக்கூடாது அத்தை. போயிட்டு வரேன்னு சொல்லுங்க."

அம்மா என்னைத்தான் கிள்ளினார். மாமா பேப்பரை மடிக்கக்கூட இல்லை.

தேயிலைச் சரிவுகள் போய், ஈப்போவின் சுண்ணாம்பு மலைகள் வந்து, பிறகு செம்பனைத் தோட்டங்களாக ஓடின. அத்தையின் தோளுக்கு மேல் எட்டி எட்டி எனக்குக் கழுத்து வலித்தது. அத்தையோ கண்ணை மூடியே வந்தார். பார்க்காதவருக்கு எதற்குச் சன்னல்! அப்பாவும் நெடுஞ்சாலையை விட்டுவிட்டுப் பழைய ரோட்டில் ஊர்ந்தார். "அங்க பாரும்மா, கொக்கு" என்று அவர் காட்டியதெல்லாம் தன் தங்கச்சியான அத்தைக்குத்தான், பெற்ற மகளுக்கு இல்லை.

பாரிட் புந்தார் வயல்களைத் தாண்டும்போது அத்தை காரை நிறுத்தச் சொன்னார். இறங்கிப்போய் வரப்போரம் முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். நான் சட்டென்று சன்னலோரம் நகர்ந்துகொண்டேன். திரும்பி வந்தவரைப் பார்த்ததும் அம்மா என்னை அதட்டினார்.

"இருக்கட்டும் அண்ணி, சின்னப் புள்ள" என்று அத்தை நடுவில் உட்கார்ந்தார். மூக்கு சிவந்திருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

பினாங்குப் பாலத்தில் ஏறியதும் இருபக்கமும் கடல். கேட்டது கிடைத்துவிட்டதால் எனக்குப் பெருந்தன்மை பொங்கியது.

"கவலப்படாதீங்க அத்தை. மாமா வீட்டுக்குத் திரும்பிப் போறப்ப நீங்க சன்னலோரம் உக்காந்துக்கலாம்" என்றேன்.

அப்பா ரேடியோவைச் சத்தமாக வைத்தார். நல்ல பிள்ளை என்று ஒரு வார்த்தை சொன்னால்தான் என்ன என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

அந்தத் தையல் மெஷின் இன்றும் பினாங்கின் ஜோர்ஜ்டவுனில் எங்கள் வீட்டு ஹாலில்தான் இருக்கிறது. காலையில் அத்தை அதில்தான் என் மகளின் பள்ளிச் சீருடையைத் தைத்துக்கொண்டிருந்தார். என் கோபமும் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் அத்தை மேல் இல்லை. அவ்வளவு பெட்டிகளையும் கண்ணால் பார்த்துக்கொண்டே, பேப்பரை மடிக்காமல் உட்கார்ந்திருந்தானே, அந்த ஆள் மேல். 'போயிட்டு வா' என்று சொல்லும்படி அன்று நான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியது அவனுக்கு.