பலிபீடத்தடியில் வைத்த பெட்டி

எங்கள் சித்தூர் சபையில் அறுப்பின் பண்டிகையன்று பலிபீடத்தின் முன்னால் வைக்கப்படும் எதுவும் வீட்டுக்குத் திரும்பாது. பூசணிக்காய், கரும்புக்கட்டு, கால் கட்டிய சேவல் எல்லாம் ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் ஏலத்துக்குப் போய்விடும். பிறந்ததிலிருந்து அந்தச் சபையில் இருக்கும் எனக்கு இது தெரியாததல்ல. தெரிந்தும் அந்த ஆண்டு நான் ஓர் அட்டைப்பெட்டியை அங்கே வைத்தேன்.

அதில் இருந்தவை பழைய கைப்பேசிகள். பள்ளியில் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். கைப்பேசியைக் குப்பையில் எறிந்தால் அதிலுள்ள ஈயம் மண்ணில் இறங்கி நீரில் கலக்கும் என்று படித்திருந்தேன். அவற்றை முறைப்படி பிரித்தெடுக்கப் பெற்றுக்கொள்ளும் மையம் ஒன்று திருப்பதியில் இருந்தது. ஞாயிறுதோறும் சொல்லிச் சொல்லி, சபையார் வீடுகளின் இழுப்பறைகளைக் காலி செய்ய வைத்தேன்.

தேவாலயத்தைப் பெருக்கும் பெண்ணிடமும் ஒன்று இருந்தது. வரதய்யபாளையம் பக்கத்திலிருந்து வந்தவள். மின்கலம் உப்பிப் பின்மூடி பிளந்து, இயங்காமல் போய்விட்ட அதைச் சேலைகளுக்கு நடுவே டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாள்.

"அதுல எங்க நைனா கீறாரு, டீச்சரம்மா," என்றாள்.

தொற்றுக் காலத்தில் அவள் தகப்பனாரைத் திருப்பதியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். உள்ளே யாரையும் விடவில்லை. ஒரு செவிலியரின் கைப்பேசியிலிருந்து அவர் அனுப்பிய குரல்பதிவு ஒன்றுதான் பிறகு மிஞ்சியது. அதை அவள் மனப்பாடமாகச் சொன்னாள்.

"'நல்லாத்தான் கீறேன். ஆட்டுக்குத் தண்ணி காட்னியா? நீ துன்னியா?' அவ்ளோதான். மொதல்ல ஆடு, அப்புறந்தான் நானு," என்று சிரித்தாள்.

உப்பிய மின்கலம் வீட்டில் வெடிக்கும் என்று எச்சரித்தேன். திருப்பதியில் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் காட்டி, குரலை எடுத்து அவளுடைய புதிய கைப்பேசியில் போட்டுத் தருவதாகவும், அதன் பிறகே பழையதை மையத்தில் கொடுப்பதாகவும் வாக்களித்தேன். மூன்று வாரம் யோசித்துவிட்டுக் கொண்டுவந்து தந்தாள். அவள் பெயரை ஒரு சீட்டில் எழுதி, நூலால் அதில் கட்டினேன்.

அதை என் கைப்பையில் வைத்திருக்கலாம். ஆனால் ஆயர் பெட்டியை ஆசீர்வதிக்க விரும்பியபோது, அவளுடையதை எல்லாவற்றுக்கும் மேலாகத் தெரியும்படி வைத்தேன். தகப்பனின் குரலையே இவள் கொடுத்திருக்கிறாள் என்று, இழுப்பறையைத் திறக்க மனமில்லாதவர்கள் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

ஆராதனை முடிந்ததும் பந்தி பரிமாறப் போனேன். திரும்பி வந்தபோது பெட்டி அங்கே இல்லை.

"டீச்சர், இன்னிக்கி ஒங்க டப்பாதான் ஃபஸ்ட்டு. சேவலையே தோக்கடிச்சிட்ச்சு," என்றார் ஏலம் விட்டவர். விருந்தாளியாக வந்திருந்த திருப்பதிப் பழைய சாமான் வியாபாரி எடுத்துக்கொண்டு போயிருந்தார். அவருடைய எண்ணையும் முகவரியையும் வாங்கி, மாலைவரை அழைத்தேன். அணைத்து வைத்திருந்தார்.

மறுநாள் காலை முதல் பேருந்தில் திருப்பதிக்குப் போனேன். ஊருக்கு வெளியே, ஏரிக்கால்வாயை ஒட்டி அவருடைய கொட்டகை. பெண்கள் குந்தி உட்கார்ந்து கல்லின் மேல் கைப்பேசிகளை வைத்துச் சுத்தியலால் உடைத்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் கறுத்த புகை எழுந்தது. கால்வாய் நீரின்மேல் சாம்பல் படர்ந்திருந்தது.

அவர் மரியாதையாக நாற்காலி போட்டார். "கூர்ச்சோண்டி மேடம். ஒங்க மாலு எல்லாம் ஒடச்சாச்சே. போர்டு வேற, பேட்டரி வேற. பாடிதான் அங்க எரிஞ்சிக்கினு கீது."

"சீட்டுக் கட்டின போன் ஒன்று இருந்தது. அது விற்பதற்கு இல்லை," என்றேன்.

"சாமி முன்னாடி வெச்சதுதான மேடம்? நான் இன்னா கண்டேன்?"

உடைக்கும் கல்லுக்கு அருகே அந்தச் சீட்டு கிடந்தது. நூலின் முடிச்சு அவிழாமலே இருந்தது. இழுப்பறைகளில் கிடந்தவரை அந்தக் கைப்பேசிகள் ஒரு சொட்டு நீரையும் கெடுக்கவில்லை. அவற்றை இந்தக் கால்வாய்வரை அழைத்து வந்தவள் நான்.

சனிக்கிழமை அவள் பெருக்க வந்தாள். "நைனா பேசினாரா, டீச்சரம்மா?" என்று கேட்டாள். நடந்ததை மறைக்காமல் சொன்னேன், சீட்டையும் கொடுத்தேன். வெகு நேரம் அதைப் புரட்டிப் பார்த்தாள்.

"வெடிச்சிருந்தா, என் வூட்லதான வெடிச்சிருக்கும்," என்றாள். பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பலிபீடத்தின் பக்கமாகப் போய்விட்டாள்.

அந்த ஆண்டு சபை அறிக்கையில், சுற்றுச்சூழலுக்கு நான் செய்த சேவைக்காக இரண்டு வரி நன்றி எழுதினார்கள். நீக்கச் சொன்னேன், தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

முன்பெல்லாம் அந்தப் பெண் தன் கைப்பேசிக்கு வரும் ரேஷன், பென்ஷன் செய்திகளைப் படித்துச் சொல்லும்படி என்னிடம் கொண்டுவருவாள். இப்போதும் டீச்சரம்மா என்றுதான் அழைக்கிறாள். செய்தி வந்தால் மட்டும், தெருமுனை மளிகைக் கடைக்காரரிடம் போய்த் திரையை நீட்டுகிறாள். கைப்பேசியை அவர் கையில் கொடுப்பதில்லை. தானே இறுகப் பிடித்துக்கொண்டு, அவரைக் குனிந்து படிக்கச் சொல்கிறாள்.