கீழேயிருந்து பார்த்த விளக்கு

என் வீட்டுக்காரர் தாக் மான்சு ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காத ஆள். ஜுக்பியோன் துறைமுகத்தில் கணவாய் மீன் பிடிக்கிற படகு வைத்திருந்தார். ராத்திரியில் கணவாயை மேலே வரவைக்கப் படகில் எரியவிடுகிற ராட்சத விளக்குகளுக்கு அடியில் நின்று நின்றே இரண்டு கண்ணிலும் புரை. என் முகம் தெரியாமல் பக்கத்து வீட்டுக்காரியிடம் சோறு கேட்கிற அளவுக்கு வந்தும், "கத்தி பட வேணாம்" என்று ஒரே பிடிவாதம்.

அவருக்கு ஏக்கமெல்லாம் தம்பி கிஜு மேல்தான். கல்யாணம்கூட ஆகாத பையன். ஒரு குளிர்கால இரவில் அலை தூக்கியடித்து, இவர் படகிலிருந்தே கடலுக்குள் போனான். உடல்கூடக் கிடைக்கவில்லை. மற்ற படகுகள் தேடிவிட்டுத் திரும்பின பிறகும் இவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. டீசல் தீரும்வரை ஒரு விளக்கைக்கூட அணைக்கவில்லை. "வெளிச்சத்தைப் பாத்து மேல வந்துருவான்" என்றாராம். கரையில் எவனோ, "தண்ணிக்கடியில வெளிச்சம் எங்கய்யா தெரியும்" என்று சொல்லித் தொலைத்தான். பாவி! கிஜு இருட்டிலேயே போய்விட்டானா என்பதுதான் அன்றிலிருந்து இவருடைய ஒரே கேள்வி. குடித்தால் என்னிடம் கேட்பார். எனக்கு என்ன தெரியும்?

போன இலையுதிர்காலத்தில், இவர் படகில் எஞ்சின் பார்த்த பாங் தன் கண்ணில் புரை எடுத்துக்கொண்டு வந்தான்.

"ஊசி கீசி எதுவும் இல்லண்ணே. கண்ணுல சொட்டு மருந்து விடுறாங்க. சுருக்குனு எரியும், அப்புறம் கண்ணு மரத்துப்போயிடும். முழிச்சிக்கிட்டேதான் கெடப்போம். தண்ணிய ஊத்தி ஊத்தி வேலை பாக்குறாங்க. மேல லைட்டு எரியும் பாருங்க, கடலுக்கடியில மல்லாந்து கெடந்து நம்ம படகு விளக்கைப் பாக்குற மாதிரியே..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். இவர் சோஜு சாராயக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"நாளைக்கே போவோம்."

"எம் மூஞ்சியப் பாக்க ஒருநாளும் இந்த அவசரம் இல்லையே!" என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

போஹாங் ஆஸ்பத்திரியில், இவர் நாற்காலியை விடாமல் பிடித்திருப்பதை டாக்டரம்மா பார்த்தார்.

"ரொம்ப பயப்படுறீங்களே ஐயா. தூங்க வச்சே பண்ணிடலாம்."

"தூங்குறதுக்கு எங்க வீட்லயே பாய் இருக்கும்மா. சொட்டு மருந்து மட்டும் விடுங்க."

"முழிச்சிருந்து ஆடிட்டீங்கன்னா ஆபத்து. ஆடினா உடனே தூங்க வச்சிடுவேன், சரியா?"

"ஆடவே மாட்டேன்."

எனக்கு நம்பிக்கையில்லை. முடிவெட்டும்போதுகூடச் சும்மா உட்காராத மனுஷன். உள்ளே கூட்டிப்போனதும், எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்று தெரியாமல் கிஜுவைத்தான் கூப்பிட்டேன். "டேய், உங்கண்ணனை ஆடாமப் பாத்துக்கடா."

டாக்டரம்மா முகமூடியைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார்.

"கல்லு மாதிரி படுத்திருந்தார்மா. எல்லாம் முடிஞ்சுதுன்னு சொன்னா, 'லைட்டை அணைக்காதீங்க, இன்னும் கொஞ்ச நேரம் எரியட்டும்'னு கெஞ்சுறார். எதுக்கும்மா?"

அதற்குள் கதவு திறந்தது.

இவர் சக்கர நாற்காலியில் வந்தார். ஒரு கண்ணில் மூடி. ஊரறிய ஒருநாளும் என் கையைத் தொடாதவர், தடவித் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"வலிச்சுதா?"

"இல்ல. வெளிச்சம் தெரியுதுடி. அடியில கெடந்து பாத்தாலும் நல்லாத் தெரியுது. அண்ணன் மேலதான் நிக்கிறான், போகலேன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்."

மூடியில்லாத கண்ணைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"இன்னொரு கண்ணை எப்ப பண்ணுவாங்களாம்?"