கப்பல்காரியும் பன்னிரண்டு ஸ்வெட்டரும்

கொடைக்கானலில் சுற்றுலா வேன் ஓட்டுகிறவன் நாள் முழுக்க மேகத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மேகத்தை நான் கூப்பிடவில்லை, அது எனக்குச் சொந்தமும் இல்லை. ஆனாலும் பள்ளத்தாக்கு மூடிக்கொண்டால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பது என் முகத்தைத்தான். கடையிலோ ஆபீசிலோ அடுத்தவர் தப்புக்குத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றவர்களுக்கு இது புரியும்.

வேற கலர்

டிஜிட்டல் கேமரா எல்லார் கழுத்திலும் தொங்க ஆரம்பித்த வருஷங்கள் அவை. சென்னைக்காரர் ஒருவர் இரண்டாவது வருஷமும் குடும்பத்தோடு என் வேனுக்கே வந்தார். நல்ல மனுஷர். பள்ளத்தாக்கு பார்க்கும் இடத்துக்குப் போனால், முதல் வருஷம் போலவே மேகம். "அஞ்சு நிமிஷத்துல விலகிரும் சார்" என்றேன். எங்கள் தொழிலில் எல்லாரும் சொல்வது இதுதான். எங்களுக்கு ஐந்து நிமிஷம் என்றால் அரை நாள்கூட ஆகலாம்.

அவர் பொறுமையாக ஒரு படம் எடுத்தார். கேமராவைத் திருப்பி எனக்கும் காட்டினார். சுண்ணாம்பு அடித்த சுவர் போல இருந்தது. "போன வருஷமும் இதே வெள்ளையத்தான் காட்டினீங்க. வேற கலர் ஸ்டாக் இல்லையா?"

முன்சீட்டு

சீசன் முடிந்தால் வேன் சும்மா நிற்கும். ஓர் ஆடி மாதம், மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது யோசனை வந்தது. ஊரெல்லாம் நம் மலையைப் பார்க்க ஏறி வருகிறது. நம் ஆட்கள் ஏன் இறங்கிப் போய்க் கடலைப் பார்க்கக் கூடாது? தூத்துக்குடி என்று முடிவு செய்தேன். கடற்கரை, தீவு, துறைமுகம், நல்ல சாப்பாடு. பெருமாள்மலைப் பக்கம் தோட்ட வேலைக்குப் போகும் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்தார்கள்.

அதில் ராசம்மா அக்கா சின்னப் பிள்ளையாக இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர். கூட வேலை பார்க்கும் பேச்சியம்மா அதை நம்புவதே இல்லை. "கப்பல்ல வந்தியே, கடல் எப்படி இருந்துச்சு, சொல்லு" என்று கேட்பார். அக்கா பார்த்திருந்தால்தானே சொல்ல? கப்பலில் கீழே மூட்டைகளோடு உட்கார வைத்துவிட்டார்களாம். வாந்தியெடுத்த அம்மாவின் தலையைப் பிடித்துக்கொண்டே ராமேஸ்வரம் வந்து சேர்ந்திருக்கிறார். இறங்கும்போதும் பெரியவர்களின் முதுகைத்தான் பார்த்தாராம். தோட்டத்தில் அவருக்குக் 'கப்பல்காரி' என்று பெயர் விழுந்துவிட்டது. வேனில் முதல் ஆளாக ஏறி, முன்சீட்டில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார்: "தம்பி, இந்தப் பேச்சிக்கு ஒரு கப்பலக் காட்டிருங்க. தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்தவ பொய் சொல்லலன்னு அவ வாயாலயே வரணும்."

டீக்கடை

வத்தலக்குண்டு இறங்கியதுமே எனக்கு வியர்த்தது. பெண்கள் யாரும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்றார்கள். விடியும் நேரத்தில் தூத்துக்குடிக் கடற்கரையில் பன்னிரண்டு ஸ்வெட்டரும் வரிசையாக இறங்கின. டீக்கடைக்காரர் ஒரு கிளாஸைக் கழுவியபடியே பார்த்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "பெரியாஸ்பத்திரிக்கு வழி சொல்லணுமாண்ணே?"

காவல்

சூரியன் மேலே வந்தது. கடல் அசையாமல் பளபளத்தது. இட்லி சாப்பிடலாம் என்று கூப்பிட்டேன். ஒருவரும் நகரவில்லை. ராசம்மா அக்கா கண்ணைச் சிமிட்டக்கூடப் பயந்தவர் போல நின்றார். "நீங்க போங்க தம்பி. நாம அங்கிட்டுப் போனதும் மேகம் மூடிரும்" என்றார்.

அப்போதுதான் விளங்கியது. எங்கள் ஊரில் எந்தக் காட்சியும் கொஞ்ச நேரம்தான். வெள்ளனே போய் வெரசாகப் பார்த்துவிட வேண்டும். "இது மூடாதுக்கா, நாள் பூரா இப்படியேதான் கெடக்கும்" என்றேன். சொல்லும்போது எனக்கே முழு நம்பிக்கை இல்லை, தொழில் பழக்கம் அப்படி. கடைசியில் ஆறு பேர் சாப்பிடப் போனார்கள், ஆறு பேர் கடலுக்குக் காவல் நின்றார்கள். சாப்பிட்டுத் திரும்பிய பேச்சியம்மா கடலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். "விட்டுட்டுப் போனது போனபடியே கெடக்கே. நம்மூருக்கும் இந்தப் புத்தி வந்தா தேவலாம்."

பூண்டு

மத்தியானம் மீன் குழம்பு, வறுத்த மீன். எல்லாரும் ருசித்துச் சாப்பிட, பேச்சியம்மா மட்டும் குழம்பில் ஒரு பூண்டை எடுத்துப் பார்த்து முகம் சுளித்தார். வாடிக்கையாளர் முகம் சுளித்தால் என் கை தானாகக் கும்பிடப் போகும். ஆனால் அவர் மடியிலிருந்து மலைப்பூண்டு இரண்டை எடுத்துக் கடைக்காரர் கையில் வைத்தார். கடைக்காரர் ஒரு பல்லை நசுக்கி மோந்தார். உள்ளே போய் சமையல்காரரிடம் காட்டிவிட்டு வந்தார். என் மலைக்காரர்களை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. பேச்சியம்மாவின் இலையில் இன்னொரு மீனை வைத்துவிட்டுக் கடைக்காரர் சொன்னார்: "மீன் எங்கூருது, பூண்டு ஒங்கூருது. அடிக்கடி வாங்கக்கா, குத்தம் சொல்றதுக்காச்சும்."

ரோட்டுத் தீவு

முயல் தீவுக்கு வேனிலேயே போய்விடலாம், துறைமுகப் பக்கமாக ரோடு இருக்கிறது. அது வசதி என்று நான் நினைத்தேன். இறங்கியதும் பேச்சியம்மா வேன் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். "டயர்கூட நனையல. தண்ணியத் தாண்டாம வந்தா இது என்ன தீவு தம்பி?"

கப்பல்

காலையிலிருந்து கண்ணில் பட்டதெல்லாம் மீன்பிடிப் படகுகள்தான். ஒவ்வொரு படகுக்கும் "இதுவா ஒங் கப்பலு?" என்று பேச்சியம்மா கேட்டுக்கொண்டே வந்தார். ராசம்மா அக்கா எங்களை விட்டு முன்னால் நடந்தார். இன்றைக்குக் கடலுக்காகவும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே மரங்களைத் தாண்டி நடந்தேன்.

அங்கே நின்றது கப்பல். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டையே தூக்கி வைக்கலாம், அவ்வளவு பெரிசு. பேச்சியம்மாதான் மெதுவாகக் கேட்டார், "இதுலயா வந்த?" ஆமாம் என்றிருக்கலாம், யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? அக்கா தலையாட்டி மறுத்தார். "இது ரொம்பப் பெருசு. எங்களுது இதுல கால்வாசி வந்தா அதிகம்." அந்தக் கால்வாசிதான் பேச்சியம்மாவை நம்ப வைத்தது என்று நினைக்கிறேன். ராசம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மாங்காய் விற்றுக்கொண்டிருந்தவர் எங்கள் ஸ்வெட்டர்களைப் பார்த்துவிட்டு, "மலைக்காரங்களா? கப்பல இப்பத்தான் பாக்குறீங்க போல" என்று விளக்கம் சொல்ல வந்தார். பேச்சியம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "எங்களுக்குச் சொல்ல வேணாங்க. இந்தா நிக்கிறா பாருங்க எங்க கப்பல்காரி, இவ கப்பல்லயே வந்தவ."

மறுநாள், சீசன் தப்பி வந்த சென்னை நம்பர் கார் ஒன்றின் முன்னால் நின்று மறுபடி மேகத்துக்காக மன்னிப்புக் கேட்டேன், எங்கள் மலையிலும் ஒரு கப்பல்காரி இருக்கிறார் என்று கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே.